ஏழாம் பக்கம்

"ஒரே ஒரு பக்கம்தான் அக்கா. நீங்க வாயைத் திறந்தா நிரம்பிடும்."

"பத்து நாளா இதையே சொல்றீங்க தம்பி. உங்க கோட்டுப் பொத்தான் தொங்குது பாருங்க. கழட்டிக் குடுங்க."

புலம்பெயர்ந்து வருவோருக்கு உதவும் பன்னாட்டு நிறுவனம் ஒன்றின் செய்தித் தொடர்பு அதிகாரி அவர். வேறு வழியின்றிக் கோட்டைக் கழற்றிக் கொடுத்தார். புதிதாக வந்திறங்கியவர்கள் தங்கும் விடுதியின் தையல் அறை அது. எதிரே இருந்த பெண்மணியை விடுதியில் எல்லாரும் 'பொத்தான் அக்கா' என்றே அழைப்பார்கள்.

நிறுவனத்தின் ஆண்டறிக்கை மாலை ஐந்து மணிக்கு அச்சகம் போய்ச் சேர வேண்டும். ஊர் விட்டு வந்த ஒருவரின் கதை இடம்பெற வேண்டிய ஏழாம் பக்கம் மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

"இயக்குநர் அம்மா காலையிலேயே வெளுத்து வாங்கிட்டாங்க அக்கா. 'கதை கிடைக்கலைன்னா உங்க படத்தையே பெரிசாப் போட்டுக்குங்க. அடுத்த வருஷ அறிக்கையை வேற ஆள் பார்த்துக்கட்டும்'னு சொல்லிட்டாங்க."

"ஐயோ பாவம். ஆனா என் கதையை நான் யார் கையிலயும் குடுக்கிறதில்ல."

அதிகாரி ஒப்புதல் படிவத்தை மேசைமேல் வைத்தார். கதைக்கு உரியவர் கையெழுத்திடாமல் ஒரு வரியும் அச்சேறாது என்பது நிறுவனத்தின் விதி. "உங்களுக்குப் படிச்சுக் காட்டாம அச்சுக்கு அனுப்ப மாட்டேன் அக்கா."

"நல்ல வழக்கம்," என்று அக்கா ஊசியில் நூலைக் கோத்தார். "ஆமா, நீங்க இந்த ஊர்தானா?"

"இல்லக்கா. வந்து பதினோரு வருஷம் ஆச்சு."

"வரும்போது பெட்டியில என்ன கொண்டு வந்தீங்க?"

நாள்தோறும் அதிகாரி பிறரிடம் கேட்கும் கேள்வி அது. அவரிடம் யாரும் கேட்டதில்லை.

"ரெண்டு சட்டை, ஒரு அகராதி. அப்புறம், வீட்டுச் சாவி."

"பூட்டு அங்க, சாவி இங்கயா?"

"அவசரத்துல பாக்கெட்டோட வந்துடுச்சு. அம்மா பூட்டை உடைச்சுத்தான் உள்ள போனாங்க. இன்னைக்கும் ஃபோன் பண்ணினா முதல்ல அந்தத் திட்டுதான்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். மீன் பிடிக்க வந்தவர் தூண்டிலைக் கரையில் வைத்துவிட்டு நீந்தப் போனது போல, அதிகாரியும் படிவத்தை மறந்து பேச்சில் இறங்கினார். சோப்பு என்று எண்ணி மெழுகை வாங்கிச் சட்டை துவைத்தது; ஞாயிற்றுக்கிழமைகளில், தம் மொழி எவர் வாயிலிருந்தாவது காதில் விழாதா என்று பேருந்து நிலையத்தில் போய்க் காத்திருந்தது; ஒருநாள் ஒருவர் அப்படிப் பேசுவது காதில் விழுந்ததும், முன்பின் தெரியாத அந்த மனிதரோடு அவருடைய ஊர்வரைக்கும் பேருந்தில் போய்விட்டது; எல்லாவற்றையும் சொன்னார்.

இடையிடையே அக்கா மடியிலிருந்த நோட்டில் ஏதோ கிறுக்கினார். எந்தக் கோட்டுக்கு எந்தப் பொத்தான் என்ற குறிப்பாக இருக்கும் என்று அதிகாரி நினைத்துக்கொண்டார்.

சுவர்க் கடிகாரம் நான்கு அடித்தது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"போச்சு அக்கா, என் பொழைப்பே போச்சு. உங்களைப் பேச வைக்க வந்துட்டு நானே லொடலொடன்னு பேசித் தீர்த்துட்டேன்."

அக்கா நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். பொத்தானை ஒருமுறை இழுத்துப் பார்த்துவிட்டுக் கோட்டை நீட்டினார். பிறகு ஒப்புதல் படிவத்தை அவர் பக்கம் திருப்பி வைத்தார்.

"ஒரு கையெழுத்துப் போடுங்க தம்பி."

"நானா? நான் எதுக்கு?"

"எங்க ஊர் நாளிதழ்ல இருபத்திரண்டு வருஷம் நிருபரா இருந்தவ நான். உங்க கதையை அரை மணியில எழுதி, உங்களுக்குப் படிச்சுக் காட்டிட்டுத்தான் அச்சுக்குத் தருவேன்," என்று அக்கா நோட்டைத் தட்டிக் காட்டினார். "படம் மட்டும் உங்க இயக்குநர் அம்மா சொன்னபடியே போட்டுக்குங்க."