பக்கத்தில் போனால்

பிரிட்ஜ் ஒயரையும் பிடுங்கிப் போட்டார்.

பிறகு மனைவி படுத்திருந்த கட்டிலருகே வந்து குனிந்தார்.

அவள் முகம் சுருங்கியது. விளங்குகிற ஒரு கையால் காதைப் பொத்திக்கொண்டாள்.

இன்னும் ஏதோ கத்துகிறது. இவருக்குத்தான் கேட்டுத் தொலையவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மகன் வந்திருந்தான். "கோயமுத்தூர்ல ஒரு எடம் இருக்குதுங்கப்பா. படுத்த படுக்கையா இருக்கறவங்கள நல்லாப் பாத்துக்கறாங்க. அம்மாவ அங்க உட்டுறலாம்."

அப்பனுக்குக் கேட்க வேண்டுமே என்று உரக்கச் சொன்னான். கட்டிலில் கிடந்தவளுக்கும் கேட்டது.

இவர் ஒன்றும் சொல்லவில்லை. மகன் இவர் காதில் ஒரு மிசினை மாட்டிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து அவள் எதையோ சொல்லப் பார்க்கிறாள். பக்கவாதத்தில் குரல் போய்விட்டது. சொல்லெல்லாம் வெறும் மூச்சாக வருகிறது. வாயோடு காதை வைத்தால்தான் உண்டு.

வைக்கப் போனால் மூஞ்சியைத் திருப்பிக்கொள்கிறாள்.

முதலில் கோபம் என்று நினைத்தார். அப்புறம்தான் காதைப் பொத்துவது கண்ணில் பட்டது. ஏதோ சாமான் கத்துகிறது.

கரண்டில் ஓடுகிற எதையும் அவர் நம்பினவர் இல்லை. இன்வெர்ட்டர் மகன் வாங்கிப் போட்டது, முதலில் அதை அணைத்தார். டிவி. டியூப்லைட். பேன். இப்போது பிரிட்ஜ். வீடு வெந்து கிடந்தது.

மிச்சம் கேபிள் பெட்டி. அதன் ஒயரையும் உருவிவிட்டுக் கேபிள்காரர் முபாரக்குக்குப் போன் போட்டார்.

"உன்ற பொட்டி என்ற பொண்டாட்டியக் கொல்லுது. வந்து தூக்கிட்டுப் போ."

முபாரக் வந்து பார்த்துச் சிரித்தார். "கரண்டே இல்லாம அது எப்படிங்கய்யா கத்தும்? பேய் புடிச்சிருக்குதுங்களா?"

"அப்பறம் எதுக்குக் காதப் பொத்தறா? நீயே பாரு."

குனிந்து காட்டினார்.

முபாரக்கின் சிரிப்பு நின்றுவிட்டது.

"நிமிருங்க... மறுக்காக் குனிங்க."

குனிந்தார்.

"உங்க காது மிசினுங்கய்யா. பக்கத்துல எதாச்சும் வந்தா விசிலடிக்குது. உங்களுக்குக் கேக்கலீங்களா?"

கேட்டால் எதற்கு மிசின்.

அந்த ஆள் சொன்னதையும் அவர் நம்பவில்லை. முபாரக்கை அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டு, மிசினைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டார். குனிந்தார்.

அவள் முகம் சுருங்கவில்லை.

சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தாள். உதடு காதில் பட்டது. சூடாக மூச்சு வந்தது. கொஞ்சம் விட்டு மறுபடி வந்தது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து அடைத்து வைத்திருந்தது முழுக்க வந்துகொண்டே இருந்தது.

ஒரு சொல்கூடக் காதில் விழவில்லை.

உதடு ஓய்ந்ததும் நிமிர்ந்தார். அவள் இவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏதோ கேட்டிருக்கிறாள். பதில் வேண்டும்.

அதற்குள் அவளுக்கு நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. இன்னொரு தரம் சொல்லு என்று எந்த வாயால் கேட்பது?

"செரி புள்ள," என்றார். "அப்படியே பண்ணிரலாம்."

அவள் காலரை விட்டாள்.

மெல்ல, சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.