கருப்புக்கு ஒரு சுருட்டு

"கருப்புக்குத்தானே டெய்லரம்மா?"

கேட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திராமல் சிக்கந்தர் பாய் கீழ்த்தட்டிலிருந்து ஒரு சுருட்டுக் கட்டை எடுத்துப் போட்டார்.

அவள் தலையை ஆட்டினாள்.

பொய் சொல்லும் சிரமம்கூட அவளுக்கு வைக்கவில்லை மனுஷன்.

வெளியூரில் போய் வாங்கலாம் என்றுதான் முதலில் நினைத்திருந்தாள். வெளியூரில் ஒரு பொம்பளை சுருட்டு கேட்டால் நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். உள்ளூரில் அந்தத் தொல்லை இல்லை. அவள் புகுந்த வீட்டுக் குலசாமி கருப்பு சுருட்டு பிடிக்கிற சங்கதி கடைத்தெரு முழுக்கத் தெரியும்.

கட்டைப் பிரித்தாள்.

காய்ந்து சருகான சுருட்டு. ஓரமெல்லாம் பிசிறு. சாமி என்ன குறை சொல்லவா போகிறது என்று ஊரே வாங்கிப் போகிற சரக்கு.

"இதைவிட நல்லதா இல்லையா பாய்?"

பாய் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார். நாற்பது வருஷமாகப் படையல் சாமான் விற்கிறார். எந்த முனிக்குச் சுருட்டு, எந்த வீரனுக்குப் பீடி என்று அவருக்குத் தலைகீழ்ப் பாடம். இந்தக் கேள்வியை மட்டும் யாரும் கேட்டதில்லை.

மேல்தட்டிலிருந்து மூன்று டப்பாக்களை இறக்கினார்.

சுருட்டைப் பற்றி அவளுக்கு ஒரு மண்ணும் தெரியாது. ஆனால் விரல் இருக்கிறது. இருபத்தாறு வருஷமாக ஊர்ப் பெண்களுக்கு ரவிக்கை தைக்கும் விரல். தொட்ட மாத்திரத்தில் எந்தத் துணி சுருங்கும், எது சாயம் போகும் என்று சொல்லிவிடும்.

முதல் டப்பாவில் இருந்தது தடியாக, கறுப்பாக இருந்தது. அழுத்தினாள். உள்ளே முடிச்சு.

வைத்துவிட்டாள்.

இரண்டாவதன் மேல் இலையில் மயிரிழை போல ஒரு விரிசல். இதையும் ஒருத்தன் சுருட்டியிருக்கிறானே என்று கோபம்கூட வந்தது.

மூன்றாவது ஒல்லி. வெளிர் பழுப்பு. மேல் இலை சாய்வாகச் சுற்றிச் சுற்றிப் போயிருந்தது; எங்கே ஆரம்பித்தது, எங்கே முடிந்தது என்று தெரியவில்லை. கட்டைவிரலால் அழுத்தினாள். கொஞ்சம் இளகி, பழையபடி நிமிர்ந்தது.

இதுதான்.

ஒவ்வொரு ஆடியிலும் ஆண்கள் கருப்புக்கு முன்னால் நின்று சுருட்டைப் பற்றவைப்பார்கள். படைத்து முடித்ததும், பிரசாதம் என்று சொல்லி மிச்சத்தை அவர்களே இழுப்பார்கள். பெண்கள் பொங்கல் பானையோடு தள்ளி நிற்பார்கள். காற்று திரும்பும்போது அந்த வாசனை இவர்கள் பக்கம் வரும்.

இருபத்தேழு ஆடி.

ஏன் வேண்டும் என்று கேட்டால், வேண்டும். அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போயிருக்கிறார். நாளைக்குத்தான் வருவார். மொட்டைமாடி இருக்கிறது, பிளாஸ்டிக் நாற்காலி இருக்கிறது. சுருட்டு ஒன்றுதான் பாக்கி.

அதுவும் இப்போது கையில் இருந்தது.

மூக்கருகே கொண்டுபோனாள். கண்ணை மூடி, நெஞ்சு நிறைய மோந்தாள். அதே வாசனை, இன்னும் நெருப்புப் படாமல். அப்படி ஒரு சந்தோஷம் அவளுக்கு.

கண்ணைத் திறந்தாள்.

பாய் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

சாமிக்கு வாங்குகிற பூவை யாரும் மோந்து பார்ப்பதில்லை. மோந்தால் சாமிக்கு ஆகாது. பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் அது தெரியும். நாற்பது வருஷமாகப் படையல் சாமான் விற்கிற பாய்க்குத் தெரியாதா?

சுருட்டை மூக்கிலிருந்து இறக்கி, பாய் முன்னால் வைத்தாள்.

அந்த நேரம் பார்த்தா மரகதம் வர வேண்டும்?

மரகதம் அவளுடைய நாத்தனார். வெறும் வாயையே மெல்லுகிறவள். இந்த அவல் கிடைத்தால் பொழுது சாய்வதற்குள் சொந்தபந்தம் முழுக்கப் பங்கு போட்டுவிடுவாள். அப்புறம் தையல் கடைக்கு வருகிறவர்கள் ரவிக்கை அளவு கொடுக்க மட்டும் வர மாட்டார்கள்.

"என்ன அண்ணி, சுருட்டு? ஆடிக்கு இன்னும் அஞ்சு மாசம் கெடக்கே?"

அவள் பதில் சொல்ல வாயைத் திறந்தாள்.

"சாமிக்கு ஆடி என்னம்மா, மாசி என்ன?" என்றார் பாய். "கேக்கணும்னு தோணினா கேக்கும். கேட்டா குடுத்துட வேண்டியதுதான்."

மரகதம் சட்டென்று செருப்பைக் கழற்றினாள். கிழக்கே கோயில் இருக்கும் திசையைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

பாய் அந்த ஒற்றைச் சுருட்டை வெள்ளைத் தாளில் சுற்றினார். இரண்டு முனையையும் முறுக்கினார். மேலே ஒரு தீப்பெட்டியை வைத்து நீட்டினார். முகத்தில் சிரிப்பு இல்லை.

"டெய்லரம்மா, இது புது ரகம். சாமிக்குப் பழக்கம் இருக்காது. புகையை நெஞ்சுக்குள்ள இழுக்க வேணாம்னு சொல்லுங்க. வாயோட வச்சு விட்டுடணும். வெறும் வயித்துல பிடிச்சா தலை சுத்தும். நல்லா சாப்பிட்டுட்டு, உக்காந்து, நிதானமா பிடிக்கச் சொல்லுங்க."

மரகதம் இன்னொரு தடவை கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

டெய்லரம்மா பொட்டலத்தை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டாள். முந்தானையை இழுத்துவிட்டாள்.

"சொல்லிடறேன் பாய்," என்றாள். "நான் சொன்னா கேட்டுக்கும்."