சிலேட்டில் எழுதிய பதில்

ஆசிரியரும் பிள்ளைகளும் வகுப்பில் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று ஆராய, 1938இல் விரிவுரையாளர் பரமலிங்கம் நெடுந்தீவுப் பள்ளிக்கூடம் ஒன்றுக்கு வந்தார்.

அன்னமுத்து ரீச்சரின் வகுப்பு அவரை வியக்க வைத்தது. ரீச்சர் கேள்வி கேட்டதும் முப்பது பிள்ளைகளும் பதிலைச் சிலேட்டில் எழுதி உயர்த்திக் காட்டினார்கள். கூச்சப்படுகிற பிள்ளைகூடப் பதில் சொன்னது.

"இந்த முறையை எங்கை படிச்சனீர்?"

ரீச்சர் சிரித்ததோடு சரி.

பரமலிங்கம் தம் அறிக்கையில் மனமாரப் புகழ்ந்து எழுதினார். நூறு ஆசிரியர்கள் முன் பேசி, அவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்ல வரும்படி ரீச்சருக்கு யாழ்ப்பாணத்திலிருந்து அழைப்புப் போனது.

பதில் வரவில்லை. நேரில் அழைத்துப்போக பரமலிங்கமே மறுபடி வள்ளம் ஏறித் தீவுக்கு வந்தார். வகுப்பில் வேறொருவர் படிப்பித்துக்கொண்டிருந்தார்.

"ரீச்சர் வேலையை விட்டிட்டா," என்றாள் முன்வரிசை வாங்கில் இருந்த சிசிலியா.

"ஏன் பிள்ளை? நான் நல்லாத்தானே எழுதினனான்?"

சிறுமி அழத் தொடங்கினாள்.

"இனி மறைச்சு என்ன ஐயா? காய்ச்சல் வந்த பிறகு ரீச்சருக்குக் காது கேக்காது. அங்கை கேள்வி கேட்டால் தெரிஞ்சுபோகும் எண்டு பயந்திட்டா. ரண்டு வருசமா நாங்கள் ஒருத்தருக்கும் சொல்லாமல் எழுதித்தான் காட்டினனாங்கள்."