ஒரே ஒரு கேபி

"கையும் களவுமா பார்த்தேன் சார். சாப்பாட்டு நேரம், ஆபீஸ்ல ஈ காக்கா இல்ல. என் கம்ப்யூட்டர்ல தன்னோட சொந்த டிஸ்க்கைச் சொருகி என்னத்தையோ இறக்கிட்டு இருந்தாரு!"

சுகப்பிரியா மூச்சு வாங்கச் சொல்லி முடித்தாள். சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் கார் உதிரிபாகம் செய்யும் அந்தக் கம்பெனியில், தர ஆய்வு ரிப்போர்ட் எல்லாம் அவள் பொறுப்பு. சேர்ந்து பதினொரு மாதம். நாளைக்கு ஆடிட். வருகிறவர்கள் கேட்கிற ரிப்போர்ட்டை எடுத்துக் காட்டிவிட்டால், பர்மனென்ட் ஆர்டர் கையில். இந்த நேரம் பார்த்து ஒருத்தர் வந்து கம்ப்யூட்டரை நோண்டினால் வயிறு எரியாதா?

மத்தியானம் தயாரிப்பு லைனைச் சுற்றப் போன மானேஜர் ஜீவானந்தம் மூன்றரை மணிக்குத்தான் திரும்பியிருந்தார். உடனே சுப்பிரமணியைக் கூப்பிட்டார்.

சுப்பிரமணி, கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் கான்ட்ராக்ட் ஆள். பிள்ளைப்பாக்கத்துக்காரர். அன்று ஆபீஸ் முழுக்கப் பழைய கம்ப்யூட்டரைக் கழற்றிப் புதுசு மாட்டும் வேலை. 'அவரவர் ஃபைலை, கம்பெனி கொடுத்த பென்டிரைவில் அவரவரே காப்பி பண்ணிக்கொள்ளவும். இரண்டு மணிக்குப் பழசு எல்லாம் அழிக்கப்படும்' என்று முந்தின நாளே சர்க்குலர் வந்துவிட்டது.

"பாக்கெட்ல என்னய்யா?"

சுப்பிரமணி ஒரு சின்ன ஹார்டு டிஸ்க்கை எடுத்து மேசைமேல் வைத்தார்.

"சொந்த டிஸ்க் உள்ள கொண்டு வரக் கூடாதுன்னு தெரியுமா, தெரியாதா?"

"தெரியும் சார்."

"அப்புறம்? எதை எடுத்த? யாருக்கு விக்கப் போற?"

சுப்பிரமணி சுகப்பிரியாவைப் பார்த்தார். மானேஜரையும் பார்த்தார். ஏதோ சொல்ல வாயெடுத்தவர் நிறுத்திக்கொண்டார்.

"தப்பு என்னுதுதான் சார்."

"நாளையிலேருந்து இந்தப் பக்கம் கால் வைக்காத. கிளம்பு!"

அப்பாடா என்று சீட்டுக்கு வந்தாள் சுகப்பிரியா. பளபளவென்று புதுக் கம்ப்யூட்டர். பென்டிரைவைச் சொருகி, முதல் மாத ரிப்போர்ட்டைத் தொட்டாள். திறக்கவில்லை. அடுத்ததைத் தொட்டாள். ஊஹூம். பதினொரு ஃபோல்டரும் வரிசையாகத்தான் நின்றன. ஆனால் ஒவ்வொன்றின் அளவும் ஒரே ஒரு கேபி. மூலையில் குட்டியாக ஓர் அம்புக்குறி.

பழைய கம்ப்யூட்டரை அழித்து ஒன்றரை மணி நேரம் ஆகிறது.

யாரைப் போய்க் கேட்பது? விஷயம் தெரிந்த ஒரே ஆளை இப்போதுதானே விரட்டிவிட்டாள்! வெட்கம் பார்த்தால் ஆகுமா? ஓடினாள். கேட்டுக்குப் பக்கத்தில், சுப்பிரமணி வண்டியை எடுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணே! என் பென்டிரைவ்ல ஒண்ணுமே திறக்க மாட்டேங்குதுண்ணே..."

"எப்டிம்மா தொறக்கும்? நீ இழுத்துப் போட்டது ஷார்ட்கட்டு. வூட்டை வுட்டுட்டு வாசல்ல கீற போர்டை மட்டும் கழட்டிகினு வந்தா, உள்ள போய்ப் படுக்க முடியுமா? காலைலயே சொல்ல வந்தேன். 'எனக்குத் தெரியும்ணே, உங்க சோலியப் பாருங்க'ன்னுட்ட."

சொன்னாள்தான். அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

"இன்னாத்துக்கு அழுவுற? எல்லாம் சார் மேசைல வெச்சிட்டு வந்த டிஸ்க்குல பத்திரமா கீது. அம்புக்குறியோட எடுத்தவங்களுத மட்டும், அழிக்கறதுக்கு முந்தி அதுல போட்டு வெச்சிட்டேன். கம்பெனில டிஸ்க்கு கேட்டா வர்றதுக்கு ஒரு வாரம் ஆவும். அதான் என்னுதக் கொண்டாந்தேன்."

"இதை சார்கிட்ட சொல்லியிருக்கலாம்லாண்ணே? திருடன்னு பேரு வாங்கிட்டு நிக்கியளே!"

"இன்னான்னு சொல்றது? காப்பி பண்ணத் தெரியாத பொண்ணுன்னா? ஆர்டர் வாங்கப் போற நேரத்துல உன் பொழப்புல மண்ணு போடவா? வுடு. எனக்கு இது இல்லாங்காட்டி தண்டலத்துல இன்னொரு கம்பெனி."

சுகப்பிரியா கையெடுத்துக் கும்பிட்டாள். "போயிராதியண்ணே, இந்தா வாரேன்" என்றவள், நேரே மானேஜர் அறைக்குப் போனாள். ஆர்டர் போனால் போகட்டும். நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தாள்.

"தப்பு என் மேலதான் சார். அந்த மனுஷன் இல்லேன்னா நாளைக்கு ஆடிட்ல வெறுங்கையோட நின்னிருப்பேன். சாகுற வரைக்கும் மறக்க மாட்டேன் சார். அவரைத் திரும்பக் கூப்பிடுங்க."

ஜீவானந்தம் எகிறினார். "ஷார்ட்கட்டுக்கும் ஃபைலுக்கும் வித்தியாசம் தெரியாதா? ஸ்கூல் பசங்களுக்குத் தெரியும்மா! இந்த லட்சணத்துல உன்னை எப்படி பர்மனென்ட் பண்றது?"

பொரிந்துகொண்டே டிஸ்க்கைத் தன் புதுக் கம்ப்யூட்டரில் சொருகினார். உள்ளே இருந்தது இரண்டே ஃபோல்டர்.

ஒன்று, 'சுகப்பிரியா'.

இன்னொன்று, 'ஜீவானந்தம் சார்'.

மானேஜர் டிராயரைத் திறந்து தன் பென்டிரைவை எடுத்தார். அதைச் சொருகிப் பார்த்தார். வரிசையாக அம்புக்குறி. எல்லாம் ஒரே ஒரு கேபி.

பென்டிரைவைப் பிடுங்கி டிராயருக்குள் போட்டுவிட்டு, போனை எடுத்தார்.

"செக்யூரிட்டியா? சுப்பிரமணி அங்க இருக்காரா? வெளிய விட்டுடாதீங்க... அட, பிடிச்சு வைக்கச் சொல்லலய்யா! சேர் போட்டு உக்கார வைங்க. நானும் இந்தப் பொண்ணும் வந்து கூட்டிட்டுப் போறோம்."