நடை சாத்தும் நேரம்

"ஒல்லி கோயிலுக்கே போகலை. சாமி பேரைச் சொல்லி எல்லாரையும் ஏமாத்துறான்," என்றாள் இஸ்திரி அக்கா.

கேட்டுக்கொண்டிருந்தவர் பாய். சலவைக்கூடத்தின் மடிப்பு மெஷினுக்கு இரண்டு ஆள் வேண்டும். ஒரு முனையில் பாய், மறுமுனையில் ஒல்லி. ஒல்லி டீ குடிக்கப் போயிருந்தான்.

"விடுங்கக்கா. வாரத்துல ஒரு மணி நேரம்தானே."

"எப்படி விடுறது? வெள்ளிக்கிழமை மத்தியானம் ஒரு மணிக்குக் கோயிலுக்குப் போறேன்னு முதலாளிகிட்ட பர்மிஷன் வாங்கியிருக்கான். நான் வாரா வாரம் அந்தக் கோயிலுக்குப் போறவ. பன்னெண்டு மணிக்கே நடையைச் சாத்திடுவாங்க. பூட்டின கதவையா கும்பிடுறான்? திரும்பி வர்றப்ப நெத்தியில துளி விபூதி கிடையாது. எங்கேயோ மரத்தடியில படுத்துத் தூங்கிட்டு வர்றான்."

பாய் கையிலிருந்த ஆஸ்பத்திரிப் போர்வையின் ஓரத்தை நீவிக்கொண்டே இருந்தார்.

"மெஷின் சத்தம் நிக்கிறது பக்கத்து ரூம்ல எனக்கே கேக்குது. அவனால நீங்களும் சும்மா நிக்கிறீங்க. உங்களுக்குக் கோபமே வராதா?"

"அக்கா, முதலாளிகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. அவன் வேலை போயிடும்."

"போகட்டும். சாமியை வச்சு விளையாடினா போகத்தான் வேணும்."

அக்கா சொன்னால் சொன்னதுதான். அன்று வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஒரு மணிக்கு மெஷின் சத்தம் நின்றதும் இஸ்திரியை நிமிர்த்தி வைத்துவிட்டு முதலாளி அறைக்குப் போனாள். சுவர் முழுக்கச் சாமி படங்கள். முதலாளி செல்போனில் யாருக்கோ நம் மதத்தின் பெருமையை அனுப்பிக்கொண்டிருந்தார். தினமும் காலையில் வேலையாட்கள் எல்லாருக்கும் அனுப்புவார்.

"வாங்கம்மா. ஒல்லி கோயிலுக்குக் கிளம்பிட்டானா? இந்தப் பிடிப்பு நம்மாளுங்ககிட்ட இல்லாமப் போனதாலதான் இத்தனை காலமா அடி வாங்கினோம். வரலாறு தெரியணும்மா."

"அவனைப் பத்தித்தான் சார் பேச வந்தேன்."

"அவன் தங்கம். அவனுக்கு முன்னாடி நம்ம பாய் வந்து நின்னார், தெரியுமா? வெள்ளிக்கிழமை ஒரு மணிக்குத் தொழுகை இருக்கு, ஒரு மணி நேரம் விடுங்கன்னு. வேலை பாக்குற இடத்துல மதமெல்லாம் கூடாது, மெஷின் நிக்கும்னு சொல்லி அனுப்பிட்டேன். மனுஷனுக்குக் கண்ணு கலங்கிடுச்சு. நான் என்ன பண்ண முடியும்? மறுநாளே ஒல்லி வந்து, அதே நேரத்துக்குக் கோயிலுக்குப் போகணும்னு கேட்டான். கோயிலுக்குப் போறவனை எப்படித் தடுக்கிறது?"

அக்கா கண்ணாடி ஜன்னல் வழியாகப் பார்த்தாள். மடிப்பு மெஷின் ஓய்ந்து கிடந்தது. இந்த முனையில் ஒல்லி இல்லை. அந்த முனையில் பாயும் இல்லை.

இத்தனை வாரமாக அவனைத் திட்டித் தீர்த்திருக்கிறாளே.

முதலாளியும் எட்டிப் பார்த்தார். "பாய் எங்கே?"

"சாப்பிடப் போயிருப்பார் சார். ஒல்லி இல்லாம அவர் ஒத்தையா நின்னு என்ன மடிப்பார்?"

"அதுவும் சரிதான். ஆமா, ஒல்லியைப் பத்தி என்ன சொல்ல வந்தீங்க? மத்தியானம் கோயில்ல கூட்டம் இருக்குமா? ஒரு நாள் நானும் போகணும்னு பாக்குறேன். பக்கத்துலயே இருக்கு, இதுவரைக்கும் போனதில்லை."

"மத்தியானம் சரியான கூட்டம் சார். அதைத்தான் சொல்ல வந்தேன். அவன் கொஞ்சம் லேட்டா வந்தாலும் கோவிச்சுக்காதீங்க. நீங்க சாயங்காலமா வாங்க, நிம்மதியாக் கும்பிடலாம்."

சொல்லிவிட்டு, சுவரில் இருந்த சாமிகளைப் பார்க்க அக்காவுக்குக் கூச்சமாக இருந்தது. ஆனால் ஒரு சாமியும் கோபித்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை.

ஒல்லி திரும்பி வந்தபோது வாசலிலேயே மறித்தாள்.

"எங்கேடா போயிட்டு வர்றே?"

"கோயிலுக்குத்தான்க்கா."

"பூட்டின கோயிலுக்கா?"

ஒல்லி தலையைச் சொறிந்தான். "பள்ளிவாசல் வெளியில உட்கார்ந்திருந்தேன். பாய் புதுச் செருப்பு வாங்கியிருக்கார். யாராவது பாத்துக்கணும்ல."

அக்கா பர்ஸைத் திறந்து ஒரு காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். போன வாரக் கோயில் விபூதி. அவன் தலையைப் பிடித்து இழுத்து, நெற்றி நிறையப் பூசினாள். மீதியைப் பொட்டலத்தோடு அவன் சட்டைப்பையில் திணித்தாள்.

"கோயிலுக்குப் போயிட்டு வர்றவன் நெத்தி இப்படியாடா வெறிச்சுனு இருக்கும்? தீர்ந்துபோனா என்கிட்ட கேளு."