கண்ணாடியை மட்டும் கழற்றக் கூடாது

முதலில் அநியாயம் செய்தது றமணன்தான். கிளறன்ஸ் இதை யாரிடமும் அடித்துச் சொல்வார்.

கட்டுகஸ்தோட்டையில் கிளறன்ஸ் வீட்டுக்கு நேரெதிரே, ஒடுங்கிய தெருவின் மறுபக்க மாடியில்தான் றமணனின் ஜிம். கிளறன்ஸின் மனைவி ஐரின் அங்கே கூட்டித் துடைக்கும் வேலை பார்த்தாள். ஒரு நாள் விடியற்காலையில், பெரிய கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவள், கையில் துணியோடு அப்படியே சரிந்து போனாள்.

எழவு வீட்டுக்கு ஊரே வந்தது. றமணன் வரவில்லை.

"அவன் என் படியை மிதிச்சா காலை முறிப்பேன்!" என்று, அவன் ஜிம்மில் அவள் செத்த ஆத்திரத்தில், அன்று காலையிலேயே கிளறன்ஸ் வாசலில் நின்று கத்தியது உண்மைதான். அதற்காக ஒரு மனுசன் வராமலே இருந்துவிடுவதா?

அன்றையிலிருந்து ஆறு வருஷமாக, மாடி ஜன்னலில் நின்று அந்த ஜிம்மை முறைப்பதே அவருக்கு வேலை.

இதற்கிடையில் ஒரு கதை கிளம்பியது. விடியற்காலையில் வெள்ளென வரும் பையன்களுக்கு, லைட் போடுவதற்கு முந்தி, அந்தக் கண்ணாடியில் ஒரு முகம் தெரிகிறதாம். பொம்பளை முகம். சிவப்பு வெளிச்சம். கழுத்துக்குக் கீழே ஒன்றும் இல்லை. கண் சிமிட்டாமல் பார்க்குமாம். இரண்டு பேர் காலில் போட வேண்டிய சப்பாத்தைக்கூட எடுக்காமல் ஓடிப் போனார்கள். ஆட்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள்.

கிளறன்ஸுக்கு வயிறு குளிர்ந்தது. "ஐரின் அவனைச் சும்மா விடமாட்டா."

அந்த நிலையில்தான் ஒரு சாயங்காலம் றமணன் வந்தான். படியில் ஏறாமல் தெருவிலேயே நின்று கூப்பிட்டான்.

"அண்ணை, என்ர மனுசிக்கு வைத்தியம் பாக்கச் சென்னைக்குப் போறன். எப்ப திரும்புவன் எண்டு தெரியாது. எனக்குப் பதிலா ஜிம்மைப் பாத்துக் கையெழுத்து வைக்க உங்களுக்கு அற்றோணித் தத்துவம் எழுதித் தரலாம் எண்டு நினைக்கிறன்."

"எனக்கா? ஒனக்கு வேற ஆளே கெடைக்கலியா?"

"ஆர் வாறான், ஆர் போறான் எண்டு ஆறு வருஷமாக் கண் வெட்டாமப் பாத்தது நீங்கள்தானே. உங்களை விட ஆருக்கு அந்த ஜிம்மைத் தெரியும்?"

கிளறன்ஸுக்குச் சுருக்கென்றது. ஆனாலும் தலையை ஆட்டினார். சாவி மட்டும் கைக்கு வரட்டும். இழுத்து மூடிவிட்டுத்தான் மறுவேலை.

கிளறன்ஸுக்குப் படிப்பு அவ்வளவாக இல்லை. பத்திரம் எழுதும் நொத்தாரிசு இன்ஷாப் தான் எழுதியதை வாசித்து விளக்கமும் சொன்னார்.

"இனி அவருக்குப் பதிலா நீங்க. பேங்கில கையெழுத்து வைக்கலாம், ஆள் சேர்க்கலாம், நிப்பாட்டலாம். மூடணும்னா மூடலாம். அவரே செஞ்ச மாதிரித்தான். ஒண்ணே ஒண்ணு மட்டும் ஏலாது."

"என்னா அது?"

"ஜன்னலுக்கு நேரா இருக்கிற பெரிய கண்ணாடி. அதைக் கழட்டக் கூடாது, மூடவும் கூடாதுன்னு எழுதச் சொல்லிட்டார். நானும் எத்தனையோ எழுதியிருக்கேன், இப்படி ஒண்ணு எழுதினதில்ல."

கிளறன்ஸ் றமணனைப் பார்த்துப் பல்லைக் காட்டினார். "ஏன், கழட்டினா அவ வெளிய வந்துருவாளோ?"

றமணன் சிரிக்கவில்லை.

"வெள்ளெனப் போய்ப் பாருங்கோ அண்ணை. லைட்டைப் போடாதேங்கோ."

றமணன் புறப்பட்டுப் போன மறுநாள் விடியற்காலை, கிளறன்ஸ் ஜிம்மைத் திறந்தார். மகாவலிப் பக்கமிருந்து ஏறி வந்த பனி தெருவில் நிறைந்திருந்தது. உள்ளே இருட்டு. ரப்பரும் வியர்வையும் கலந்த வாடை. எங்கேயோ ஒரு இரும்புச் சங்கிலி தானாக ஆடி ஓய்ந்தது.

கண்ணாடியின் முன்னால் போய் நின்றார்.

முதலில் ஒன்றுமில்லை. பிறகு பனி கொஞ்சம் விலக, ஆழத்தில் சிவப்பாக ஒரு பொட்டு. அதன் மேலே ஒரு முகம்.

ஐரின்.

அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் சிமிட்டவில்லை.

கிளறன்ஸ் இரண்டடி பின்னால் போனார்.

"பயப்படாதீங்க அங்கிள்." வாசலில் நிரோஷினி நின்றாள். அங்கே பயிற்சி கொடுக்கும் பெண். "திரும்பிப் பாருங்க."

திரும்பினார். தெருவுக்கு அந்தப் பக்கம் அவருடைய சொந்த ஜன்னல். உள்ளே சுவரில் ஐரினின் பெரிய படம். அதன் கீழே, அவர் ஒரு நாளும் அணைக்காத சிவப்பு பல்ப்.

ஆறு வருஷமாக அந்தப் படத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் அவர் இந்த ஜிம்மை முறைத்திருக்கிறார்.

"ஒங்க றமணன் சேருக்கு இது தெரியுமா?"

"முதல் நாளே தெரியும். ஜன்னலுக்கு ஒரு திரை போட்டாப் போதும், ஆள் குறையாதுன்னு எவ்வளவோ கெஞ்சினேன். கேக்கல."

"ஏனாம்?"

"தினமும் எங்களுக்கு முந்தி வந்து, செருப்பைக் கழட்டி வச்சிட்டு, இதுக்கு முன்னால தலையக் குனிஞ்சு நிப்பார் அங்கிள். 'அந்த வீட்டுப் படி எனக்கில்லை பிள்ளை. இதாலதான் நான் செத்த வீட்டுக்குப் போய் வாறன்'னு சொல்வார்."

கிளறன்ஸ், பூட்டுவதற்காகக் கையில் வைத்திருந்த சாவியைச் சட்டைப் பைக்குள் போட்டார். பிறகு அதட்டினார்.

"அவனுக்குப் போனைப் போடு. ஜிம் நடக்கும்னு சொல்லு. பேங்குக்கு அவனுக்குப் பதிலா நான் போறேன். ஆனா என் வீட்டு எழவுக்கும் அவனுக்குப் பதிலா நானா போக முடியும்? கண்ணாடியில வந்ததெல்லாம் சேர்த்தியில்ல. பொண்டாட்டி சொகமானதும் அவனே வந்து என் படியை மிதிக்கணும். அது வரைக்கும் பாக்கி பாக்கிதான்!"