கொடிக்கம்பத்தில் இரண்டு முழம்

மக்காவை ஆண்ட வெள்ளைக்காரக் கவர்னரின் மாளிகையில், அவருக்கு எதிரே, எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சீன அதிகாரி லியாவ் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். நடுவே நின்று பெந்து இருவருக்கும் மொழிபெயர்த்தான். லியாவ் அவனிடம் சொன்னார்:

“கான்டன்ல இருந்து ஓடிவந்த குமாஸ்தா ஹோ சிங் இந்த ஊர்லதான் ஒளிஞ்சிருக்கான். அவன் தலையை வாங்கணும். ஒப்படைச்சா, நாங்க உயரக்கூடாதுன்னு தடுத்து வச்சிருக்கற கொடிக்கம்பத்தை உங்க துரை ரெண்டு முழம் உயர்த்திக்கலாம்.”

பெந்து சொன்னதும் கவர்னரின் மார்பு விரிந்தது.

“ரெண்டு முழமா? ஒரு குமாஸ்தா தலைதானே, தர்றேன்னு சொல்லுய்யா.”

“சொல்றேன் துரை. வாக்குக் கொடுக்கறவங்க முதல்ல தேநீர்க் கோப்பையைத் தூக்கணும். அவங்க மரியாதை அப்படி.”

கவர்னர் கம்பீரமாகத் தூக்கினார்.

லியாவின் முகம் கறுத்தது. சீன அதிகாரிகளின் வீடுகளில் வீட்டுக்காரர் கோப்பையைத் தூக்கினால், வந்தவர் நடையைக் கட்டலாம் என்று அர்த்தம். அவர் பதிலுக்குக்கூடக் காத்திராமல் பல்லக்கில் ஏறிப் போய்விட்டார்.

“என்னய்யா, சொல்லாம கொள்ளாம போறாரு?”

“யோசிச்சுச் சொல்வாராம், துரை.”

“சரி, அந்த ஹோ சிங் எப்படி இருப்பான்? இப்பவே தேடச் சொல்றேன்.”

“என் உயரம்தான், துரை. அப்ப முதுகு வரைக்கும் சடை இருந்துச்சு,” என்ற பெந்து, ஒட்ட வெட்டிய பிடரியைத் தடவிப் பார்த்துக்கொண்டான். கழுத்து இருந்தது.